நோவு என்னும் காவற்காரன்

(சங்க அங்கத்தினர்கள் தங்கள் குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டுவதற்குரிய சுகாதாரப் பாடம்)

அடுப்பிலிருந்து இறக்கி வைத்த பால் சட்டியை ஆறு வயதுக் குழந்தையொன்று விளையாட்டாகத் தொட்டுவிடுகிறது. தொட்ட கணமே கை பின்னுக்கு வந்துவிடுகிறது. "ஐயோ, சுடுகிறதே!" என்று குழந்தை கத்துவது அதற்கு அப்புறந்தான். சுடுகிறது என்று அறிவதற்கு முன்பே கையை எடுக்கும்படி உத்தரவிட்டது யார்? இந்தக் கேள்வியைக் குழந்தைகளிடம் முதலில் கேட்க வேண்டும். அவர்களுக்கு விடை தெரியாவிட்டால் பாதகமில்லை. அந்த விடையே இப்பாடம்.

1. செய்தி செல்லும் வழி

கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தினர்கள் ஊரெங்கும் பரவியிருக்கிறார்கள். அவர்களுடைய மனுக்கள் காரியாலயத்துக்கு வருகின்றன. நிர்வாகக் குழுவினர் ஆலோசித்துத் தீர்மானம் செய்கிறார்கள். அத்தீர்மானம் உரியவருக்குத் தெரிவிக்கப்படுகிறது. சரீரத்திலும் ஏறக்குறைய இந்த ஏற்பாடே உண்டு. கண், காது, மூக்கு, நாக்கு, தோல் என்னும் ஐம்பொறிகளும் செய்தி அனுப்புகின்றன. மூளை ஆலோசனைச் சபையாக இருக்கிறது. இவற்றுக்கு இடையே போக்குவரத்து நடத்துபவை நரம்புகள். மூளையிலிருந்து 12 ஜோடி நரம்புகளும், முதுகெலும்பினுள் பத்திரமாக இருக்கும் தண்டுவடத்திலிருந்து 31 ஜோடி நரம்புகளும் புறப்பட்டு, கிளை கிளையாகப் பிரிந்து விரல் நுனி வரையில் செல்கின்றன.

கண்ணிலிருந்து மூளைக்கு வெளிச்சம் போவதில்லை. காதிலிருந்து ஓசையும் போவதில்லை. எல்லாம் சிறு சிறு மின்சாரத் துடிப்புகளாக மாறியே நரம்பின் வழியே ஓடுகின்றன. மெல்லத் தொட்டாலும் பலமாக அழுத்தினாலும் ஒரு நரம்பிழையில் ஓடும் துடிப்பின் அளவு மாறுவதில்லை. பலமாக அழுத்தினால் துடிப்புகள் அடுத்தடுத்து விரைவாக வருகின்றன. இதை ஆராய்ந்து கண்ட இங்கிலாந்து தேசத்து அறிஞர் ஏட்ரியனுக்கு 1932-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

அவசர விஷயங்களில் மட்டும் மூளையின் தீர்மானத்துக்காகக் காத்திருப்பதில்லை. சூடு பட்ட செய்தி தண்டுவடத்தை எட்டியவுடனே, "கையை எடு" என்ற கட்டளை அங்கிருந்தே தசைகளுக்குப் பிறந்துவிடுகிறது. மூளைக்குத் தகவல் பின்னால் போய்ச் சேருகிறது. குழந்தை கையை எடுத்த பிறகு அழுததன் காரணம் இதுவே.

2. முழங்கையில் ஒரு சான்று

முழங்கையின் உட்புற எலும்பு திண்ணையிலோ கதவிலோ இடித்துக்கொண்டால், சுண்டுவிரல் வரையில் மின்னல் பாய்ந்ததுபோல இருப்பதைக் குழந்தைகள் எல்லோரும் அறிவார்கள். இடித்தது முழங்கை, விறுவிறுப்பதோ சுண்டுவிரல். காரணம் என்ன? சுண்டுவிரலுக்கும், மோதிரவிரலின் ஒரு பக்கத்துக்கும் செல்லும் நரம்பு அவ்விடத்தில் தோலுக்கு மிகவும் அருகில் ஓடுகிறது. வழியில் நரம்பு அடிபட்டாலும், செய்தி விரலிலிருந்து வந்ததாகவே மூளை எண்ணிக்கொள்கிறது. இந்த நரம்பைக் குழந்தைகள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதைப் பற்றி மறுபடியும் பேச நேரும்.

3. நோவு இல்லாவிட்டால்

நோவே இல்லாத உடம்பு கிடைத்தால் எவ்வளவு சுகம் என்று குழந்தைகள் நினைக்கலாம். முள் தைத்தாலும் தெரியாது. கல் தடுக்கினாலும் தெரியாது. ஆனால் காவற்காரன் இல்லாத களத்தில் நெல் என்ன ஆகும்? அதுவே நோவு இல்லாத கையின் கதியும் ஆகும்.

டாக்டர் பால் பிராண்ட் என்பவர் 1946-ல் வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் அந்த நோயினால் தாமாகவே அழுகி விழுகின்றன என்று அக்காலத்தில் பலரும் நம்பினார்கள். பிராண்ட் அவர்களுடைய கைகளை ஒவ்வொன்றாகப் பரிசோதித்தார். ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியவில்லை. நோயாளியான சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி, எளிதாகத் திருகித் திறந்துவிட்டான். அவன் விரலில் இரத்தம் வடிவதைப் பிராண்ட் கண்டார். சாவியின் விளிம்பு எலும்பு தெரியும்படி சதையை வெட்டியிருந்தது. சிறுவனோ அதை அறியவேயில்லை. சூடான பாத்திரம், கரடுமுரடான மண்வெட்டிப் பிடி, இரவில் கடிக்கும் எலி ஆகிய இவையே பல கைகால்களைச் சிதைத்தன என்பது இவ்வாறு விளங்கிற்று. நோய் காவற்காரனைக் கொன்றது. கொள்ளை பின்னால் நடந்தது.

4. சத்தமின்றி வரும் நோய்

தொழுநோய் பூர்வ ஜன்ம பாவத்தினால் வருவதன்று, பரம்பரையாக வருவதுமன்று. அது ஒரு கிருமியினால் வருவது. நார்வே தேசத்து வைத்தியர் ஹான்ஸன் 1873-ல் அக்கிருமியைக் கண்டுபிடித்தார். அது மிகவும் மெதுவாகப் பெருகுவது. நோய் வெளிப்படப் பல வருஷங்கள் செல்லலாம். தோலையும், தோலுக்கு அருகில் ஓடும் நரம்புகளையும் அது பற்றுகிறது. மேலே சொன்ன முழங்கை நரம்பு அவற்றுள் ஒன்று. அந்த நரம்பு கெட்டால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் முதலில் மரத்து, பிறகு மடங்கிப்போகும்.

இந்நோயின் முதல் அடையாளம் பெரும்பாலும் வெளுத்த அல்லது சிவந்த ஒரு தேமல். அது நோவதில்லை, அரிப்பதுமில்லை. ஆகையால் குழந்தை அதைப் பற்றி வீட்டில் சொல்வதில்லை. இதுவே பெரிய அபாயம். எல்லாத் தேமலும் தொழுநோய் அல்ல என்பதும் உண்மை. வித்தியாசத்தை அறிய ஒரு சிறு சோதனை உதவும். பஞ்சை மெல்லிய திரியாக முறுக்கிக்கொள்க. குழந்தை கண்களை மூடிக்கொள்ளட்டும். திரியின் நுனியால் நல்ல தோலை ஒரு முறையும் தேமலை ஒரு முறையும் மாற்றி மாற்றித் தொடுக. தொட்ட இடத்தைக் குழந்தை விரலால் காட்ட வேண்டும். தேமலில் தொட்டது தெரியவில்லை என்றால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. தெரிந்தாலும், தேமல் மறையாமல் இருந்தால் வைத்தியரிடம் காட்டுவதே நலம்.

5. செய்ய வேண்டியவை

1981-ல் உலக சுகாதார ஸ்தாபனம் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சையைச் சிபாரிசு செய்தது. அதன்பின் தொழுநோய் பூரணமாகக் குணமாகும் நோயாகிவிட்டது. நோயின் வகைக்கு ஏற்ப 6 அல்லது 12 மாதம் மருந்து உண்ண வேண்டும். அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையங்களில் இம்மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. மருந்து கிருமியைக் கொல்லும். ஆனால் இழந்துவிட்ட உணர்ச்சி பல சமயங்களில் திரும்புவதில்லை. ஆகவே தேமலை ஒளித்து வைத்துக் கழிக்கும் ஒவ்வொரு மாதமும் நஷ்டக் கணக்கில் எழுதப்படுகிறது.

முன்னமே உணர்ச்சி இழந்தவர்கள் கண்ணையே காவற்காரனாக வைத்துக்கொள்ள வேண்டும். நாள்தோறும் மாலையில் உள்ளங்கைகளையும் உள்ளங்கால்களையும் பார்ப்பது, செருப்பின்றி நடவாதிருப்பது, சூடான பாத்திரத்தைத் துணி கொண்டு பிடிப்பது ஆகிய இவை செலவில்லாத வைத்தியம்.

குழந்தைகளுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. நோவதை மட்டுமல்ல, நோக வேண்டியது நோகாமல் இருப்பதையும் அவர்கள் வீட்டில் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும் குழந்தையை அதட்டாமலும், அயலாருக்கு அஞ்சி மறைக்காமலும் இருப்பது பெரியோர் கடமை. சிகிச்சை பெறும் குழந்தையைப் பள்ளியிலிருந்தோ விளையாட்டிலிருந்தோ விலக்குவதற்குக் காரணம் எதுவும் இல்லை.

வினாக்கள்

1. சூடு பட்டவுடன் கையை எடுக்கும்படி கட்டளையிடுவது எது?

2. முழங்கையில் இடித்தால் சுண்டுவிரல் விறுவிறுப்பது ஏன்?

3. பூட்டைத் திறந்த சிறுவனுக்கு நோவு தெரியாதது நன்மையா, தீமையா? காரணம் கூறுக.

4. உன் உடம்பில் தேமல் உண்டா? இருந்தால் யாரிடம் சொல்வாய்?