கோபுரத்தின் உச்சியில் ஒரு குடிசை

சமய வகுப்புப் பிள்ளைகளைச் சவுத் பிரிட்ஜ் சாலை அருள்மிகு மாரியம்மன் ஆலயத்திற்கு ஒருமுறை அழைத்துச் சென்றேன். கோபுரத்தை அண்ணாந்து பார்த்த ஒரு சிறுமி, "சார், மேலே ஏன் அப்படி வளைந்திருக்கிறது?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அன்பர்களுக்கும் அதன் விடை பயன்படும் என்று எழுதுகிறேன்.

1819இல் ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்தவர் திரு. நாராயண பிள்ளை. இத்தீவில் செங்கல் சூளை நடத்தியவர். அவரே 1827இல் அம்மனுக்கு எழுப்பிய முதற்கோயில் மரத்தாலும் அத்தாப்பாலும் ஆனதுதான். செங்கற் கட்டடம் 1843இல் வந்தது.

அத்தாப்பு என்பது சதுப்பு நிலத்து நிப்பா பனையின் ஓலை. ஓலைகளைக் குச்சியின் மேல் மடித்துப் பிரம்பு நாரால் தைத்துக் கீற்றாக்குவார்கள். அவற்றைக் கூரையின் கீழ் விளிம்பிலிருந்து மேல்நோக்கி, ஒன்றின் மேல் ஒன்று படியக் கட்டுவார்கள். சரிவு நன்றாக இருந்தால் மழைநீர் தங்காது. உள்ளே வெயிலும் தெரியாது. ஆனால் ஓலை மட்கும். நான் பிறந்த அத்தாப்பு வீட்டில், அடைமழைக்கு முன் அப்பா கூரையேறி உளுத்த கீற்றுகளை மாற்றுவார். தீப்பொறி பட்டாலோ தப்பாது. 1961 மே 25இல் புக்கிட் ஹோ சுவீ தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர்.

ஓலை அழிந்தாலும் அதன் உருவம் அழியவில்லை. மாமல்லபுரத்தில் கி.பி. 7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பிகள் ஒரே பாறையில் குடைந்த திரௌபதி ரதத்தைப் பாருங்கள். சரிந்து வளைந்த கூரையுடன் ஓலைக்குடிசையே கல்லாகி நிற்கிறது, உள்ளே கொற்றவை. அருகிலுள்ள பீம ரதத்தின் கூரையோ வண்டிக்கூண்டு போல நீண்டு வளைந்தது. சிற்ப நூலார் இதனைச் 'சாலை' வடிவம் என்பர். கோபுர உச்சியில், கலசங்களுக்குக் கீழே நாம் காண்பதும் அந்தக் கூரையையே.

சிறுமிக்கு இதைச் சொன்னபோது, "அப்படியானால் பழைய கோயில் இன்னும் மேலே இருக்கிறதா, சார்?" என்றாள். ஆம் என்றேன்.

கூரைக்குப் புதுக்கீற்று வேய்வதுபோல, 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்துகிறோம். கல்லும் சுதையும்கூடக் கவனிப்பின்றி நில்லா. தாங்கள் அளிக்கும் ஒவ்வொரு வெள்ளியும் அந்தக் கூரையில் ஒரு கீற்று. அடுத்த முறை கோபுரத்தைத் தொழும்போது, உடன்வரும் பிள்ளைகளுக்கு அந்த வளைவைக் காட்டுங்கள்.