படகை நான் ஓட்டவில்லை

ராத்திரி மூன்று மணிக்கு விழித்துக்கொண்டால் எங்கள் நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்தில் துணைக்கு நாய்கள் மட்டும்தான். ஏதாவது ஒரு வீட்டில் தறிச் சத்தம் கிளம்புவதற்குள் கூலி பாக்கி, முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டிய சேலை, முழங்கால் வலி எல்லாவற்றையும் ஒரு சுற்று எண்ணி முடித்திருப்பேன். இரண்டு வருடம் இப்படியே போனது.

சென்னையில் ‘நியூரோஃபீட்பேக்’ என்று ஒரு பயிற்சி இருப்பதாக மருமகன் சொன்னார். வாரம் இரண்டு தடவை, மொத்தம் இருபது. உச்சந்தலையில் பசை தடவி ஒரு சென்சாரை ஒட்டி, காதுமடல்களில் கிளிப் மாட்டுவார்கள். தலைக்குள் கரண்ட் எதுவும் போகாது. மூளையின் மின்னலைகளைக் கருவி படிக்கும், அவ்வளவுதான். நொடிக்கு 12 முதல் 15 முறை துடிக்கும் அலை கூடினால் திரையில் படகு நகரும், குறைந்தால் நிற்கும். முதல் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். அசையவே இல்லை. “சார், நீங்க ஓட்டாதீங்க, சும்மா இருங்க” என்றார் பயிற்சி தந்த பெண். ஆறாவது தடவை அலுத்துப்போய், பாட்டி தார் சுற்றும் ராட்டைச் சத்தத்தை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். படகு கிளம்பிவிட்டது!

அந்த அலையைப் பழக்கினால் தூக்கமும் மாறுகிறது என்று 1970-இல் பாரி ஸ்டெர்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் பூனைகளிடம் கண்டார். ஆனால் 2017-இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் ஆய்வாளர்கள், தூக்கம் வராதவர்களுக்கு உண்மைப் பயிற்சியையும் போலிப் பயிற்சியையும் எது எதுவென்று சொல்லாமல் கொடுத்துப் பார்த்தார்கள். உண்மையானது போலியைவிட மேலாக இல்லை. பணம் கட்டிய பிறகுதான் இதைப் படித்தேன்.

எனக்குத் தூக்கம் தேறியது நிஜம். படகாலா என்றால், இல்லை என்றுதான் நினைக்கிறேன். அங்கே கொடுத்த ஒரு தாள்தான் வேலை செய்தது. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழு, கண் சொக்கினால்தான் படு, தூக்கம் வராவிட்டால் எழுந்து வெளியே வா, பகலில் படுக்காதே. 2016-இல் அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் என்ற மருத்துவர் அமைப்பு, தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் பரிந்துரைத்த சிகிச்சையின் முக்கியப் பகுதி இதுதான்.

கேட்கச் சுலபம். முதல் இரண்டு வாரம் கண் எரிந்தது. கோர்வையில் நாடா தப்பி, நெய்ததை அரை முழம் பிரித்தேன். அந்த நாட்களில் வண்டி ஓட்டாதீர்கள். பலமாகக் குறட்டை விட்டு, மூச்சடைத்து எழுகிறவர்கள் எதிலும் இறங்குமுன் டாக்டரைப் பாருங்கள். அது வேறு வியாதியாக இருக்கலாம். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக் கூடத்துக்குக் கொண்டுபோனேன். மதியத்துக்கு மேல் காபி இல்லை. இதுதான் கஷ்டமாக இருந்தது.

எழுந்து வந்து என்ன செய்வது? செல்போனை எடுத்தால் விடிந்துவிடும். நான் தார்க் குச்சிகளில் மிஞ்சிய பட்டு நூலை உருவிக்கொண்டு உட்காருவேன். “நடுராத்திரியில என்னங்க இது?” என்று வீட்டில் கேட்டாள். நாலைந்து குச்சி முடிவதற்குள் தலை ஆடத் தொடங்கும். போன வாரம் ஒரு நாள் குச்சிப் பெட்டியே காலியாகிவிட்டது. அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.