தகட்டின் விளிம்பறிதல்

கணினிவழி இயங்கும் லேசர் வெட்டு மேசையில் 2500 மி.மீ. நீளமுள்ள உலோகத் தகடு ஒரு பாகை சாய்ந்து கிடந்தால், அதன் மறுமுனை ஏறத்தாழ 44 மி.மீ. விலகிவிடும். ஓரத்தில் அமையவேண்டிய உறுப்பு குறைபட்டுத் தகடு வீணாகும்.

இச்சாய்வை இயந்திரம் தொடாமலே உணர்கிறது. வெட்டுமுனையும் தகடும் ஒரு மின்தேக்கியின் இரு தட்டுகளாகின்றன. ஒரே உயரத்தில் நகரும் முனை விளிம்பைக் கடந்ததும், எதிரே தகடு இல்லாமையால் மின்தேக்குத்திறன் சட்டென வீழ்கிறது. அவ்வீழ்ச்சியே விளிம்பைக் காட்டும்.

நீள்விளிம்பில் இரு புள்ளிகள், குறுக்குவிளிம்பில் ஒன்று. செங்கோண மூலையுடைய தகட்டிற்கு இவை போதும். முதலிரண்டும் சாய்கோணத்தைத் தரும். மூன்றாவதும் சேர்ந்தால் மூலை புலப்படும். முதலிரு புள்ளிகள் நெருங்கியிருப்பின் சிறு பிழையும் பெருகும்; நெளிந்த விளிம்போ கணக்கையே ஏமாற்றும். கோணம் தெரிந்தபின் எடைமிக்க தகட்டை எவரும் நகர்த்துவதில்லை. வெட்டுவரைபடத்தையே கணினி அதற்கேற்பத் திருப்பிக்கொள்கிறது.