ஷட்டரை இறக்கிய பிறகும் ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கு

ஆராதனையில் உட்கார்ந்திருக்கும்போதும் சட்டைப்பையில் போன் அதிர்கிறதா? இந்த யோசனைகள் உங்களுக்குத்தான்.

யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தை ஒரு வியாபாரியாக வாசித்துப் பாருங்கள். காலை முதல் மாலை வரை எல்லா வழக்கையும் தானே விசாரித்துக்கொண்டிருந்த மோசேயை, இப்படிப் போனால் நீரும் ஜனங்களும் சேர்ந்தே சோர்ந்துபோவீர்கள் என்று எச்சரித்தவர் அவருடைய மாமனார் எத்திரோ. 1000, 100, 50, 10 பேருக்கு ஒருவராகத் தலைவர்களை வைத்து, பெரிய வழக்கு மட்டும் மோசேயிடம் வரட்டும் என்றார். (மருமகன் அப்படியே கேட்டார் என்பதுதான் ஆச்சரியம்!) உங்கள் கடையிலும் எவ்வளவு தள்ளுபடி, எவ்வளவு கடன், எந்தச் சரக்கைத் திரும்ப எடுப்பது என்று வரம்பு வைத்து, கல்லாவில் இருப்பவரே முடிவெடுக்க விடுங்கள். வரம்பை எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் மறுபடியும் போன் வரும்.

பில்களை அன்றன்றைக்கே ஆடிட்டருக்கு அனுப்பிவிட்டால், ஜிஎஸ்டி தேதி நெருங்கும் ஞாயிறு தப்பிக்கும்.

ஞாயிறு மூடினால் வியாபாரம் போய்விடுமா? அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ட்ரூவெட் கேத்தி 1946இல் தொடங்கிய உணவகத்துக்கு ஞாயிறு விடுமுறை. அதிலிருந்து வளர்ந்த சிக்-ஃபில்-ஏ உணவகத் தொடர் இன்றும் அப்படித்தான். டிசம்பர் மாதத்து பேக்கரிக்காரரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார், நியாயம்தான். அவர் வாரத்தில் வேறொரு நாளைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் வேலையாட்களையும் முறை வைத்து ஆராதனைக்கு அனுப்ப வேண்டும்.

காலை ஜெபத்துக்கு முன் வாட்ஸ்அப்பைத் திறக்காதீர்கள். திறந்தால் ஜெபத்தில் சரக்கு லாரிதான் வரும்.