மல்லாட்டைத் தோலில் ஒரு சென்சார்

குளூக்கோமீட்டரில் செருகும் பட்டையைக் கூர்ந்து பாருங்கள். பலவற்றில் கறுப்புக் கோடுகள் தெரியும். அவை கார்பன் மையால் அச்சிட்ட எலக்ட்ரோடுகள். அந்தக் கார்பனை வீட்டிலேயே செய்ய முடியுமா?

போளூரில் எங்கள் தெருவில் முன்பு பழைய பேட்டரி உடைக்கும் கடை ஒன்று இருந்தது. கிணற்றுத் தண்ணீரில் ஈயம் இறங்கியிருக்குமோ என்ற பயத்தில்தான் இதில் இறங்கினேன். எங்கள் பக்கம் மல்லாட்டைத் தோலுக்கு, அதாவது வேர்க்கடலைத் தோலுக்குப் பஞ்சமில்லை.

செய்து பார்த்தது

மூடியில் சிறு துளையிட்ட இரும்பு டப்பாவில் தோலை அடைத்து, வெட்டவெளியில் விறகு அடுப்பில் வைத்தேன். புகை நின்றதும் இறக்கி, முழுவதும் ஆறிய பிறகே திறந்தேன். சூட்டோடு திறந்தால் கரி பற்றிக்கொள்ளும். கரியைப் பொடித்துப் பேனாக் குழலில் இறுக்கி, இரு முனையிலும் ஆணி செருகி, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்தேன். திரையின் இடது ஓரத்தில் '1' மட்டும் வந்தது. மீட்டரால் அளக்க முடியாத தடை என்று பொருள்!

அடுத்த முறை கொல்லுப் பட்டறை உலையில் டப்பா நன்றாகச் சிவக்கும்வரை வைத்தேன். இப்போது சில நூறு ஓம்தான்.

காரணம் என்ன?

சுமார் 400 டிகிரியில் கிடைக்கும் கரியில் ஆக்சிஜன் தொகுதிகள் மிச்சமிருக்கும். ஈய அயனிகளைப் பிடித்துக்கொள்பவை அவைதான். ஆனால் அந்தக் கரி மின்சாரத்தைக் கடத்தாது. 700 டிகிரிக்கு மேல் கார்பன் அடுக்குகள் ஒன்றோடொன்று இணைவதால் மின்சாரம் ஓடும். ஆனால் பிடிக்கும் தொகுதிகள் பெரும்பாலும் போய்விடும்.

இரண்டும் வேண்டுமென்றால்? கிராஃபைட் தூளையும் எண்ணெயையும் குழைத்த 'கார்பன் பேஸ்ட்'டில் குறைந்த சூட்டுக் கரியைக் கொஞ்சம் கலக்க வேண்டும். ஒன்று கடத்தும், மற்றொன்று பிடிக்கும். பிரேசில் ஆய்வாளர்கள் ஆமணக்குப் பிண்ணாக்குக் கரியை இப்படிக் கலந்து ஈயத்தை அளந்திருக்கிறார்கள்.

கம்ப்யூட்டரின் வேலை

எலக்ட்ரோடைத் தண்ணீரில் வைத்து, மைனஸ் 1 வோல்ட் அளவில் சிறிது நேரம் நிறுத்தினால் ஈயம் அதன்மேல் படியும். பிறகு வோல்டேஜை மெல்ல ஏற்றினால், படிந்தது கரையும்போது மின்னோட்டம் எகிறும். யூஎஸ்பியில் இணைத்த பொட்டென்ஷியோஸ்டாட் இதைத் திரையில் மலைபோல வரையும். ஈயத்தின் மலை மைனஸ் 0.5 வோல்ட் பக்கம் வரும், காட்மியத்தின் மலை மைனஸ் 0.8 பக்கம். மலை நிற்கும் இடம் எந்த உலோகம் என்று சொல்லும், உயரம் எவ்வளவு என்று சொல்லும்.

ஒரு எச்சரிக்கை

குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தர அளவு. மல்டிமீட்டரை வைத்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. நான் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக் கூடத்துக்கே அனுப்பிவிட்டேன். நீங்களும் சந்தேகம் இருந்தால் அதையே செய்யுங்கள். 'ஈயத்தையும் பாருங்கள்' என்று கேட்டு வாங்குங்கள். பேனாக் குழல் சோதனை கரியைப் புரிந்துகொள்ள மட்டுமே!