தாராக் குஞ்சுகளுக்கான ஆரம்பத் தீன்

கோழிக் குஞ்சுக்கு ஏற்ற தீன் தாராக் குஞ்சுக்கும் போதுமானது எனக் கருதுவது பலரிடம் காணப்படும் தவறாகும். விடைத்தாளில் இதனால் சில புள்ளிகள் குறையும். வளர்ப்பிடத்திலோ குஞ்சுகளே இழக்கப்படும். எனவே இவ்விரண்டுக்குமிடையிலான வேறுபாட்டை மாணவர்கள் தெளிவாக விளங்கிக் கொள்ளல் வேண்டும்.

1. தீனைத் தெரிவு செய்தல்

(அ) புரதம்: முதல் இரண்டு வாரங்களில் தாராக் குஞ்சு மிக விரைவாக வளரும். இக்காலத்தில் தீனில் 20% - 22% புரதம் இருத்தல் வேண்டும். பின்னர் இதனை ஏறத்தாழ 16% வரை குறைக்கலாம். குருணல் அரிசியில் ஏறத்தாழ 8% புரதமே உண்டு. ஆகவே குருணலை அல்லது சோற்றை மட்டும் வழங்கினால் வளர்ச்சி குன்றும்.

(ஆ) நயசின்: இது விற்றமின் பீ கூட்டத்தைச் சேர்ந்தது. தாராக் குஞ்சின் ஒரு கிலோகிராம் தீனில் ஏறத்தாழ 55 மி.கி. நயசின் தேவை. இறைச்சிக் கோழிக் குஞ்சுக்கு 35 மி.கி. போதுமானது. நயசின் குறைந்தால் கால் மூட்டு வீங்கும், கால்கள் வளையும், குஞ்சு நொண்டும். மதுவம் நயசின் நிறைந்த உணவாகும்.

(இ) கல்சியம்: முட்டையிடும் கோழிகளுக்கான தீனில் முட்டையோட்டின் தேவைக்காக 3.5% - 4% கல்சியம் உண்டு. குஞ்சுக்கு 1% இற்கும் குறைவான அளவே போதும். மேலதிக கல்சியம் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

(ஈ) புதிய தன்மை: ஈரம்பட்ட சோளத்திலும் புண்ணாக்கிலும் வளரும் சிலவகைப் பங்கசுக்கள் அஃப்ளடொக்சின் எனும் நச்சைச் சுரக்கும். இது ஈரலைத் தாக்கும். தாராக் குஞ்சுகள் இந்நச்சுக்கு மிக இலகுவில் பலியாகும். 1960இல் இங்கிலாந்தில் ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகளும் பல தாராக் குஞ்சுகளும் இறப்பதற்கு நச்சுற்ற நிலக்கடலைப் புண்ணாக்கே காரணமாயிற்று. பங்கசு பிடித்த தீனை வெயிலில் உலர்த்தினாலும் நச்சு நீங்காது; அதனை அகற்றிவிடல் வேண்டும்.

2. தீனை வழங்கும் முறை

• முதலில் சுத்தமான நீரையும் அடுத்துத் தீனையும் வழங்குக.
• உலர்ந்த தூள் தீன் அலகில் ஒட்டிக் குஞ்சைத் திணறச் செய்யும். ஆகவே சிறு குளிகைத் தீன் அல்லது நீர் தெளித்துப் பிசைந்த தூள் தீன் வழங்குக.
• பிசைந்த தீன் விரைவில் புளிக்கும். சிறிது சிறிதாகப் பல தடவை வழங்கி, மீதியை அகற்றுக.
• தீன் உள்ள வேளைகளில் நீரும் இருத்தல் வேண்டும். நீர்ப் பாத்திரம் அலகும் மூக்குத் துவாரமும் அமிழும் ஆழமுடையதாகவும், குஞ்சு உள்ளே இறங்க முடியாததாகவும் இருத்தல் வேண்டும்.
• படுக்கை நனையாதிருக்க நீர்ப் பாத்திரத்தைக் கம்பி வலைத் தட்டின்மீது வைக்குக.

3. பயிற்சி

வினா 1: 9% புரதமுள்ள சோளத்தையும் 44% புரதமுள்ள சோயாப் புண்ணாக்கையும் கலந்து 22% புரதமுள்ள 35 கி.கி. கலவை தயாரிக்கத் தேவையான அளவுகள் யாவை?

விடை: சோளத்தின் பங்கு 44 - 22 = 22
சோயாப் புண்ணாக்கின் பங்கு 22 - 9 = 13
மொத்தப் பங்கு 35. எனவே சோளம் 22 கி.கி., சோயாப் புண்ணாக்கு 13 கி.கி.
(இக்கலவையுடன் விற்றமின், கனியுப்புக் கலவையும் சேர்த்தல் அவசியம்.)

வினா 2: கோழிக் குஞ்சுத் தீன் மட்டும் உண்ட தாராக் குஞ்சுகள் இரண்டாம் வாரத்தில் நொண்டத் தொடங்கின. காரணமும் பரிகாரமும் தருக.

விடை: நயசின் குறைபாடு காரணமாகலாம். தீனுடன் மதுவம் சேர்த்தல், கால்நடை வைத்தியரின் ஆலோசனைப்படி நயசின் வழங்கல்.

நினைவிற் கொள்க: தீன் பொதியை வாங்குமுன் மூன்றைப் பார்க்க வேண்டும். அவை எப்பறவைக்குரியது, புரத வீதம், தயாரித்த திகதி என்பனவாகும்.