அலர்ஜி கிளினிக்கில் என்ன செய்வார்கள்?

சிம்பாங் அம்பாட் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் மருந்து அடிக்கும் சகோதரி ஒருவர் நமக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்: "ஆறு மாசமா ரெண்டு புறங்கையும் மணிக்கட்டும் அரிச்சு வெடிக்குது. சுகாதாரக் கிளினிக் டாக்டர், பெரிய ஆஸ்பத்திரி அலர்ஜி கிளினிக்குக்குக் கடிதம் கொடுத்திருக்காரு. அங்க உடம்பெல்லாம் ஊசி குத்துவாங்களாம். 'களைமருந்து ஒத்துக்கல'ன்னு எழுதிட்டா வேலை போயிடும்னு மண்டோர் சொல்றாரு. போகலாமா, வேணாமா?"

போகத்தான் வேண்டும், சகோதரி. உங்கள் கையைக் கெடுப்பது களைமருந்துதானா என்பதே இன்னும் தெரியாது. தெரியாமல் வேலையை விட்டால் வேலையும் போகும், அரிப்பும் நிற்காது. அதைக் கண்டுபிடிக்கத்தான் அந்தக் கிளினிக் இருக்கிறது.

முதலில் அலர்ஜி என்றால் என்ன? ஆஸ்திரியா நாட்டு டாக்டர் பிர்கே 1906ஆம் ஆண்டில் வைத்த பெயர் அது. கிருமியை விரட்ட வேண்டிய உடம்பின் காவல், கெடுதல் செய்யாத ஒரு பொருளைப் பகைவன் என்று எண்ணிச் சண்டைக்குப் போவதுதான் அலர்ஜி. இதில் இரண்டு வகை முக்கியம். ஒன்று, சில நிமிடங்களிலேயே தடிப்பு, தும்மல், இளைப்பு என்று காட்டிவிடும். மற்றது மெதுவான வகை. இன்று தொட்டால் நாளையோ மறுநாளோதான் தோல் சிவந்து அரிக்கும். நம் ஆட்கள் ஏமாறுவது இதில்தான். திங்கட்கிழமை தொட்ட பொருள் புதன்கிழமை அரிக்கும். பழியோ செவ்வாய்க்கிழமை சாப்பிட்ட இறாலுக்குப் போகும்!

இரண்டிலும் சேராத மூன்றாவது ஒன்றும் உண்டு. ரப்பர் பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலம் கையில் பட்டால் யாருக்கும் பொத்துப் போகும். அது அலர்ஜி அல்ல, வெந்த புண். நாள் முழுக்க ஈரத்திலும் வியர்வையிலும் சோப்பிலும் ஊறிய கையும் இப்படியே வெடிக்கும். இவற்றுக்கு வைத்தியம் வேறு.

முதல் நாள் கிளினிக்கில் பெரும்பகுதி பேச்சுத்தான். எப்போது ஆரம்பித்தது, லீவு நாளில் குறைகிறதா, வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா உண்டா என்று துருவித் துருவிக் கேட்பார்கள். "டாக்டர் ஒண்ணும் பார்க்கலை, சும்மா பேசியே அனுப்பிட்டாரு" என்று வந்து குறைப்படுகிறவர்கள் உண்டு. அந்தப் பேச்சுத்தான் பாதிப் பரிசோதனை. ஆகவே ஒரு நோட்டுப் புத்தகத்தில் இரண்டு வாரத்துக்கு எழுதி வையுங்கள்: எந்த நாள் என்ன வேலை, எந்த மருந்து, எந்தக் கையுறை, எப்போது அரித்தது. எழுத வராவிட்டால் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். தடிப்பு வந்தவுடன் கைத்தொலைபேசியில் படம் பிடியுங்கள். கிளினிக்குப் போகிற நாளில் பார்த்து அது மறைந்திருக்கும். களைமருந்து டின்னின் லேபிளையும் படம் எடுங்கள். டின்னைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். பூசுகிற களிம்பு, குடிக்கிற ஜாமு, வேர் மருந்து எல்லாவற்றையும் மறைக்காமல் காட்டுங்கள். சில ஜாமுகளில் ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சே பல தடவை கண்டுபிடித்திருக்கிறது. அது அரிப்பை அடக்கிப் பரிசோதனையைக் கெடுத்துவிடும்.

இனி அந்த ஊசி விஷயம். உடனடி வகைக்கு முன்கையில் சின்னச் சின்னத் துளிகளாக மருந்து வைத்து, ஒவ்வொன்றின் மேலும் முனையால் லேசாகக் கீறுவார்கள். தூசிப் பூச்சி, கரப்பான், இறால் என்று ஒவ்வொரு துளியும் ஒவ்வொன்று. இரத்தம் வராது, கொசுக்கடி மாதிரி இருக்கும். 15 முதல் 20 நிமிடம் உட்கார்ந்திருந்தால் எது ஒத்துக்கொள்ளவில்லையோ அது தடித்து எழும்பும். இதற்கு முன்னால் அரிப்பு மாத்திரையைச் சுமார் ஒரு வாரம் நிறுத்தச் சொல்வார்கள். பிரித்தோன் மட்டுமல்ல, சில சளி மருந்துகளிலும் அது கலந்திருக்கும். ஆஸ்துமா மருந்தையும் இரத்த அழுத்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தக்கூடாது, கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சிலருக்கு ஊசிக்குப் பதில் இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள்.

உங்கள் கைக்கு அநேகமாக வேண்டியது இரண்டாவது பரிசோதனை. இதில் ஊசியே கிடையாது. முதுகில் வரிசையாகப் பட்டை ஒட்டி அனுப்புவார்கள். இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்து, மேலும் இரண்டு நாள் கழித்து மறுபடி பார்ப்பார்கள். அதுவரை முதுகில் தண்ணீர் படக்கூடாது, வியர்க்கவும் கூடாது. வெயிலில் பம்பு சுமக்கிறவருக்கு இது எப்படி முடியும்? முடியாது. அந்த நாட்களுக்கு எம்.சி. வேண்டும் என்று டாக்டரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். 1955 வேலைச் சட்டப்படி இரண்டு வருஷத்துக்குக் குறைந்த சேவைக்கு வருஷம் 14 நாள், ஐந்து வருஷத்துக்குக் குறைந்த சேவைக்கு 18 நாள், அதற்கு மேல் 22 நாள் சம்பளத்தோடு மருத்துவ லீவு உண்டு. வெட்கப்பட்டுக்கொண்டு கேட்காமல் வந்து, மறுநாளே பம்பு தூக்கி, பட்டை ஊறி விழுந்து, எல்லாம் பாழாய்ப் போனால் மறுபடி மாதக்கணக்கில் தவணை.

இப்போது கையுறைக்கு வருவோம். என் சந்தேகமெல்லாம் அதன் மேல்தான். புறங்கையும் மணிக்கட்டும் மட்டும் அரிக்கிறது என்கிறீர்கள். கையுறை மூடுகிற இடம் அதுதானே! ரப்பர் கையுறையில் அலர்ஜி இரண்டு விதமாக வரும். ரப்பர் பாலில் உள்ள புரதம் சிலருக்கு உடனே தடிப்பும் தும்மலும் உண்டாக்கும். 1980களில் எய்ட்ஸ் பயத்தால் உலகமெங்கும் ஆஸ்பத்திரிகளில் கையுறை மலிந்தபோது இது பெரிதாக வெளிப்பட்டது. 1991இல் அமெரிக்க அரசே எச்சரிக்கை விட்டது. நம் தாய்தகப்பன் வெட்டிய பாலில் இப்படி ஒன்று இருப்பதை உலகம் கவனிக்க அவ்வளவு காலம் ஆயிற்று. பிறகுதான் கழுவிப் புரதம் குறைத்த கையுறைகள் வந்தன. இந்த அலர்ஜி உள்ளவருக்கு வாழைப்பழம், பப்பாளி, அவக்காடோ சாப்பிட்டாலும் வாய் அரிக்கலாம். அவர் பல் பிடுங்கப் போனாலும் பிரசவத்துக்குப் போனாலும் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும்.

மற்றது, ரப்பரைப் பக்குவப்படுத்தச் சேர்க்கும் தையூரம், கார்பமேட் போன்ற இரசாயனங்கள். இதுதான் மெதுவாக அரிக்கிற வகை. முதுகுப் பட்டையில் காட்டிக் கொடுப்பதும் இதைத்தான். நைட்ரைல் கையுறையிலும் இதே இரசாயனங்கள் இருக்கக்கூடும் என்பதால், 'ரப்பரை மாற்றியாச்சு, இன்னமும் அரிக்குதே' என்று திகைக்கிறவர்கள் உண்டு. ஆகவே எந்த இரசாயனம் ஆகாது, எந்த மாதிரிக் கையுறை போடலாம் என்று டாக்டரிடம் எழுத்தில் வாங்குங்கள். மெல்லிய பிளாஸ்டிக் உறையை நீங்களாகப் போட்டுக்கொண்டு களைமருந்து அடிக்காதீர்கள்.

அந்தக் கடிதம்தான் மண்டோருக்கும் பதில். 1994ஆம் வருஷத்துத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி பாதுகாப்புச் சாமான்களுக்கு முதலாளி தொழிலாளியிடம் காசு பிடிக்கக்கூடாது (26ஆம் பிரிவு). பாதுகாப்பில்லை என்று புகார் சொன்னதற்காக வேலையை விட்டு நீக்கவும் கூடாது (27ஆம் பிரிவு). வேலையால் வந்த தோல் நோயும் ஆஸ்துமாவும் சொக்சோவின் தொழில் நோய்ப் பட்டியலில் உள்ளவை. 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் இது உண்டு. பக்கத்து லயத்து வங்காளதேசத் தம்பிக்கும் சொல்லி வையுங்கள். 'வேலையால் வந்தது' என்று டாக்டர் எழுதினால் நகல் எடுத்துக்கொண்டு தோட்டக் கமிட்டித் தலைவரைப் பாருங்கள்.

பரிசோதனையில் ஒன்று தடித்துவிட்டால் உடனே அதை ஆயுளுக்கும் விலக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. தூசிப் பூச்சிக்கும் இறாலுக்கும் ஒரே மாதிரிப் புரதம் இருப்பதால், இறால் தின்று ஒரு கேடும் காணாதவருக்கும் இறால் துளி தடிக்கலாம். தின்றால் என்ன ஆகிறது என்பதே பெரிது. நிஜமாகவே ஆகாதவர் பெலாச்சானையும் சேர்த்து விலக்க வேண்டும். அதுவும் கூனி இறால்தான். அதேபோல 'பெனிசிலின் ஆகாது' என்று சின்ன வயதில் அட்டையில் எழுதப்பட்டவர்களைச் சோதித்தால், பெரும்பாலோருக்கு அது ஒத்துக்கொள்கிறது. உங்கள் அட்டையில் அப்படி இருந்தால் அதையும் கேளுங்கள்.

குளவி கொட்டியோ, எதையாவது தின்றோ மூச்சு முட்டி, உதடு வீங்கி, மயக்கம் வந்தால் இந்தக் கிளினிக் தவணைக்குக் காத்திருக்கவே கூடாது. 999க்கு அடியுங்கள். ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சு முட்டினால் உட்கார வையுங்கள், நடக்க விடாதீர்கள். அதற்கு மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. அரிப்பு மாத்திரை அதற்குப் போதாது.

சகோதரி, போகிற அன்று அடையாளக் கார்டு, கடிதம், நோட்டுப் புத்தகம் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போட்டுக் கழற்றிய கையுறையைத் தூக்கி எறிந்துவிடாமல், பிளாஸ்டிக் பையில் கட்டி அதையும் கொண்டுபோங்கள். அதில் ஒரு துண்டை வெட்டியே முதுகில் ஒட்டிப் பார்ப்பார்கள். அதில் களைமருந்து பட்டிருந்தால் அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.